ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு: மாற்ற முடியுமா, சேர்க்கலாமா?

கேள்வி இதுதான்: மலாயா ரப்பர் தோட்டமொன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தாத்தாவின் தகரப் பெட்டியில், வாழைமரப் படம் போட்ட பத்து டாலர் நோட்டுகள் ஒரு கட்டு கிடைத்திருக்கின்றன. ‘ஜப்பானிய அரசு’ என்று அவற்றில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. எங்காவது கொடுத்து மாற்ற முடியுமா? விற்றால் எவ்வளவு வரும்? இதையே தொடக்கமாக வைத்துக்கொண்டு போர்க்கால ஆக்கிரமிப்பு நோட்டுகளைச் சேர்க்கலாமா?

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: முடியாது. ஜப்பானும் தராது, மலேசியாவும் தராது, சிங்கப்பூரும் தராது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்ததும் இந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. பழைய நோட்டுக்குப் புது நோட்டு என்று மாற்றிக்கொள்ள அவகாசம்கூடத் தரவில்லை. வேறு நாடுகளில் இதற்காகப் போராடிப் பார்த்தவர்கள் உண்டு. பிலிப்பைன்ஸில் 1953ல் ஜப்பானியப் போர் நோட்டு வைத்திருந்தவர்கள் ஒரு சங்கமே தொடங்கி, மக்களிடமிருந்து நோட்டுகளை வாங்கி முத்திரை குத்தி வைத்தார்கள். அமெரிக்க அரசு மீது வழக்கும் போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. ஹாங்காங்கில் டாலர்களைப் பிடுங்கிக்கொண்டு ஜப்பானிய ராணுவ யென்னைத் திணித்திருந்தார்கள். அங்கே இழந்தவர்கள் டோக்கியோ நீதிமன்றம் வரை போனார்கள். 1999 ஜூனில் வழக்கு தள்ளுபடியானது. அதனால் “ஜப்பான் தூதரகத்தில் கொடுத்தால் பணம் கிடைக்குமாம்” என்று யாராவது சொன்னால் நம்பி அலையாதீர்கள்.

விற்பனை மதிப்பும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இருக்காது. ஜப்பான் அச்சிட்ட ஆக்கிரமிப்பு நோட்டுகளில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பவற்றில் இந்தப் பத்து வெள்ளி (மலாயாத் தமிழர் பேச்சில் வெள்ளி என்றால் டாலர்) நோட்டும் ஒன்று. கசங்கியது என்றால் ஒரு நோட்டுக்குச் சில நூறு ரூபாய். மடிப்பே இல்லாத புதுத்தாள் என்றால் அதைவிடக் கொஞ்சம் அதிகம். இணையத்தில் ஒருவர் லட்ச ரூபாய் விலை போட்டிருக்கிறார் என்பதால் அதன் மதிப்பு லட்சம் ஆகிவிடாது. அது அவர் கேட்கும் விலை, யாரும் கொடுத்த விலை அல்ல. ஏல நிறுவனங்களின் தளங்களில் முடிந்துபோன ஏலங்களின் விலையைப் பார்க்கலாம். எப்போதும் அதைத்தான் பாருங்கள்.

சேர்க்கலாமா என்பதற்கு மட்டும் தாராளமாகச் சேகரியுங்கள் என்பேன். இவ்வளவு குறைந்த செலவில், ஒரு ஆட்சி எப்படி வந்தது, எப்படிப் பணத்தைக் கெடுத்தது, எப்படி வீழ்ந்தது என்பதையெல்லாம் கையில் வைத்துப் பார்க்கக்கூடிய சேகரிப்பு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நோட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாழைமரமும் தென்னைமரமும் போட்ட வண்ணத்தாள்கள் மட்டும்தான் மிஞ்சும். அதனால் உங்கள் கையில் இருக்கும் நோட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பத்து வெள்ளி நோட்டில் என்னென்ன இருக்கிறது என்பதைவிட, என்னென்ன இல்லை என்று பாருங்கள். ஆண்டு இல்லை. வங்கியின் பெயர் இல்லை. கையெழுத்து இல்லை. பெரும்பாலான நோட்டுகளில் வரிசை எண்ணும் இல்லை. சிவப்பில் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும். மேலே ஜப்பானிய அரசு என்றும், கேட்டவுடன் பத்து டாலர் தருவதாக வாக்களிக்கிறது என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஓரத்தில் ஜப்பானிய நிதியமைச்சரின் சிவப்பு முத்திரை. எங்கே போய்க் கேட்பது, எதைத் தருவார்கள் என்பதற்கு நோட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

அந்தச் சிவப்பு எழுத்துகளில்தான் விஷயம் இருக்கிறது. முதல் எழுத்து, நோட்டு எந்த நாட்டுக்காக அச்சிடப்பட்டது என்பதைச் சொல்லும். மலாயா, பர்மா, பிலிப்பைன்ஸ், ஓசியானியா ஆகிய நான்குக்கும் அந்தந்தப் பெயரின் ஆங்கில முதல் எழுத்து. இன்று இந்தோனேசியாவாக இருக்கும் டச்சுத் தீவுகளுக்கு மட்டும் ‘எஸ்’. உங்களுடையது ‘எம்’மில் தொடங்கும். அடுத்து வருவது அச்சுத் தொகுதியின் எழுத்து. முதலில் ‘எம்ஏ’, ‘எம்பி’ என்று சேர்ந்தாற்போல இருக்கும். பிறகு வந்தவற்றில் ‘எம்’ என்று போட்டு ஒரு சாய்கோட்டுக்குப் பின் இரண்டு எழுத்துகள் வரும். ஆரம்பத்தில் வந்த வெள்ளி நோட்டுகள் சிலவற்றில் எழுத்துகளோடு வரிசை எண்ணும் உண்டு. எண் போட்டவை குறைவு, அதனால் விலையும் அதிகம். கட்டைப் பிரித்துப் பார்க்கும்போது முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

எண்ணை ஏன் எடுத்தார்கள்? ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்டால் எத்தனை தாள் வெளியே விட்டோம் என்ற கணக்கு ஊருக்கே தெரிந்துவிடும். எண் அடிக்க நேரமும் ஆளும் வேறு வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டால் வேண்டிய மட்டும் அச்சடித்துக்கொள்ளலாம். ஒரு அரசு தன் பணத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டது என்பதற்கு, எண் உள்ள ஒரு நோட்டையும் இல்லாத ஒரு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே போதும்.

இந்த நோட்டுகள் போர் தொடங்கிய பிறகு அவசரத்தில் அடித்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மலாயாவுக்குள் படை இறங்குவதற்கு முன்பே, 1941ல், ஜப்பானில் ரகசியமாகத் தயாராகிவிட்டன. படை வரும்போதே பணமும் கூட வந்தது. அரிசியோ, மாட்டு வண்டியோ, ஆள் கூலியோ, எதற்கும் சிப்பாய் அந்தத் தாளைக் கொடுத்தால் வாங்கித்தான் ஆக வேண்டும். 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்குப் பிறகு பழைய மலாயா டாலரும் ஜப்பானிய டாலரும் யென்னும் ஒன்றுக்கு ஒன்று சமம் என்று வைத்தார்கள். 1943 ஏப்ரலிலிருந்து நோட்டு வெளியிடும் வேலையைத் ‘தென்பகுதி மேம்பாட்டு வங்கி’ என்ற ஜப்பானிய அமைப்பு எடுத்துக்கொண்டது. ஆனால் நோட்டில் அதன் பெயர் ஏறவில்லை, பழைய அச்சே தொடர்ந்தது.

மலாயா வரிசையில் மொத்தம் பத்து வடிவங்கள். 1, 5, 10, 50 காசு (சென்ட்) தாள்கள். 1, 5, 10 வெள்ளி. அப்புறம் 100 வெள்ளியில் இரண்டு வேறு வடிவங்கள். கடைசியாக 1000 வெள்ளி. மலாயாவில் ஜப்பான் உலோகக் காசைப் புழக்கத்துக்கு விடவேயில்லை. அதனால்தான் ஒரு காசுக்கும் தாள். பேருந்துச் சீட்டு அளவில் இருக்கும் அந்த ஒரு காசுத் தாளைப் பலரும் ஒதுக்கிவிடுவார்கள். என் பார்வையில் இந்த வரிசைக்கே அதுதான் திறவுகோல். ஒரு காசு கொடுத்து எதையாவது வாங்க முடிந்த நாளில் அச்சிடப்பட்டது அது. நூறு வெள்ளி 1944ல் வந்தது, ஆயிரம் வெள்ளி 1945ல். ஒரு காசுக்கும் ஆயிரம் வெள்ளிக்கும் இடையில் மூன்றே கால் வருடம்தான்.

ஆகவே ஆல்பத்தில் அடுக்கும்போது வெறும் மதிப்பு வரிசை என்று பார்க்காமல், வெளிவந்த காலத்தை வைத்து அடுக்குங்கள். கூடவே தாளையும் பாருங்கள். முதலில் வந்தவற்றில் தாள் நன்றாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் பூ வடிவ நீர்க்குறி தெரியும். சிலவற்றில் இழைகள் ஓடும். பின்னால் வந்தவற்றில் நீர்க்குறியைக் காணோம், தாள் சொரசொரப்பு, மை திட்டுத்திட்டாக இருக்கும். 1944ன் நூறு வெள்ளி நோட்டிலேயே நீர்க்குறி உள்ளது, இல்லாதது என்று இரண்டும் உண்டு. பட்டியல் எண்ணை மட்டும் டிக் அடித்துக்கொண்டு போகிறவர்கள் இரண்டில் ஒன்றை வாங்கி நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் இரண்டையும் வாங்குங்கள்.

1945ன் இன்னொரு நூறு வெள்ளி நோட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் ரப்பர் தோட்டமும் அங்கே வேலை செய்யும் தொழிலாளர்களும் படமாக இருக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி யார் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த நோட்டு வெளியான காலத்தில் மேற்கு நாடுகளுக்கு ரப்பர் போவது நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. தோட்டங்களில் வேலை இல்லை. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை வைத்துச் சமாளித்த குடும்பங்கள்தான் அதிகம். சயாம் மரண ரயில்பாதைக்குப் பல்லாயிரக்கணக்கான தமிழர்களைத் தோட்டங்களிலிருந்து கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. தோட்டம் காலியாகிக் கிடந்த நாட்டில், ஆள் நிறைந்த தோட்டத்தைப் படமாகப் போட்டு நூறு வெள்ளி என்று அடித்திருக்கிறார்கள். மலாயாத் தொடர்புள்ள ஒரு தமிழ்க் குடும்பம் ஒரே ஒரு நோட்டு வாங்குவதாக இருந்தால் இதை வாங்கச் சொல்வேன். பத்து வெள்ளியை விட இதற்கு விலை அதிகம்தான், ஆனால் எட்டாத விலை இல்லை.

பணம் இப்படிப் பெருகுவது ஜப்பானிய நிர்வாகத்துக்கும் தெரியாமலில்லை. வெளியே போன தாளைத் திரும்ப உறிஞ்சப் பல வழி பார்த்தார்கள். 1942லேயே மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்களிடம் 5 கோடி வெள்ளி ‘அன்பளிப்பு’ என்று கட்டாய வசூல் நடந்தது. முழுத் தொகை சேரவில்லை என்றதும், யொகொஹாமா ஸ்பெசி என்ற ஜப்பானிய வங்கியிடமே கடன் வாங்கி மீதியைக் கட்ட வைத்தார்கள். 1943ல் ‘கோனான் சைக்கென்’ என்று லாட்டரி தொடங்கினார்கள். அந்தச் சீட்டுகளும் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருள். நோட்டுகளுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்தால் கதை கூடுதலாக விளங்கும். தோட்டச் சம்பளச் சீட்டு, ரேஷன் அட்டை, அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம் போன்றவை தாத்தாவின் பெட்டியில் இருந்தால் அவற்றை நோட்டுக் கட்டைவிட பத்திரமாக வையுங்கள். அதே நோட்டு இன்னொன்று கடையில் கிடைக்கும். அவர் பெயர் எழுதிய சீட்டு கிடைக்காது.

போருக்குப் பிறகு எழுந்த பெரிய தகராறு கடனைப் பற்றியது. போருக்கு முன்னால் நல்ல டாலரில் கடன் வாங்கியவர்கள், ஆக்கிரமிப்புக் காலத்தில் மலிந்துபோன வாழைமர நோட்டைக் கொண்டுவந்து கொடுத்துக் கடனை அடைத்திருந்தார்கள். வாங்க மறுக்கவும் முடியாத காலம். அப்படி அடைத்த கடன் அடைந்ததா, இல்லையா? செட்டிநாட்டு லேவாதேவிக் கடைகளுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. வட்டிக்கு விட்டிருந்த முதலுக்கு ஈடாகக் கைக்கு வந்தது காகிதம். கடைசியில் 1948ல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆக்கிரமிப்புக் காலக் கடன்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. எந்த மாதம் கட்டிய பணத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று இறங்குவரிசை அட்டவணை ஒன்று அதோடு சேர்ந்து வந்தது. 1943 முடியும்வரை கட்டியதை முழு மதிப்பில் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கட்டியதைக் குறைத்துக் கணக்கிட்டார்கள். இந்த நோட்டு எந்த வேகத்தில் செத்தது என்பதற்குச் சட்டமே எழுதிவைத்த சாட்சி அது. செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் மலாயாக் கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே இந்த நோட்டுகள் இருந்தால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு வழக்கும் இருக்கலாம். பேரேட்டைத் தனியாகவும் நோட்டைத் தனியாகவும் பிரித்து விற்றுவிடாதீர்கள்.

போர் முடிந்ததும் மலாயாவில் புழங்கியது ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட நோட்டு. அதில் 1941 ஜூலை 1 என்று தேதி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு “ஜப்பான்காரன் வருவதற்கு முன் இருந்த நோட்டு” என்று விற்பவர்கள் சொல்வார்கள். இங்கிலாந்தில் அச்சிட்டு வைத்திருந்த அந்த நோட்டுகள் மக்கள் கைக்கு வந்தது 1945ல்தான். உங்கள் வரிசை மலாயா என்றால் அதன் கடைசிப் பக்கத்துக்கு ஒரு வெள்ளி ஜார்ஜ் நோட்டு ஒன்று கட்டாயம் வேண்டும்.

பர்மா வரிசையும் தமிழ் வீடுகளில் அடிக்கடி அகப்படுவது. ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்கள் 1942லேயே கிளம்பிவிட்டார்கள். அவர்களிடம் இருந்தது பெரும்பாலும் ஆக்கிரமிப்புக்கு முந்தைய ரூபாய். அங்கேயே தங்கிவிட்டுப் போருக்குப் பின் வந்தவர்கள் கொண்டுவந்ததுதான் ஜப்பானிய ரூபாய் நோட்டு. பர்மாவில் அதுவரை ரூபாய், அணா, பைசா கணக்கு. ஜப்பானியர்கள் அதை மாற்றி ஒன்று, ஐந்து, பத்து சென்ட் தாள்கள், கால் ரூபாய், அரை ரூபாய், பிறகு 1, 5, 10, 100 ரூபாய் என்று வெளியிட்டார்கள். சிவப்பு எழுத்து பர்மாவின் முதல் எழுத்தில் தொடங்கும். இவையும் மலிவு. ஜப்பான் ஆதரவில் பர்மாவை ஆண்ட பா மாவ் அரசின் பர்மா ஸ்டேட் வங்கி 1944லும் 1945லும் வெளியிட்ட மயில் படம் போட்ட நோட்டுகளும், பா மாவின் உருவம் உள்ள 1945ன் நூறு கியாட் நோட்டும் வேறு வகை. புதியவர்கள் அவற்றை ஜப்பானிய நோட்டுகளோடு கலந்துவிடுவார்கள்.

இன்னொன்று, பிரிட்டிஷார் 1945ல் திரும்பி வந்தபோது ஆறாம் ஜார்ஜ் இந்திய ரூபாய் நோட்டுகளின் மேலேயே ‘பர்மா ராணுவ நிர்வாகம், பர்மாவில் மட்டும் செல்லும்’ என்று ஆங்கிலத்தில் மேலச்சு போட்டுப் புழக்கத்துக்கு விட்டார்கள். இதுவும் ராணுவ நோட்டுதான், ஆனால் வென்ற பக்கத்து நோட்டு. வாங்கும்போது கவனம் தேவை. சாதாரண ஜார்ஜ் நோட்டு மலிவாகக் கிடைக்கிறது. மேலச்சைப் பின்னால் அடித்துக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடலாம். மேலச்சின் மை தாளுக்குள் ஊறியிருக்கிறதா, பழைய மடிப்பின் மேலும் அழுக்கின் மேலும் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த பிறகு அச்சு விழுந்திருந்தால் அது 1945ன் அச்சு அல்ல.

தமிழ்ச் சேகரிப்பாளர்களுக்கு நேதாஜி என்றதும் கை தானாகப் பணப்பைக்குப் போகும். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். 1943ல் அவர் சிங்கப்பூர் வந்தபின் தோட்டத் தமிழர்கள் காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். அவருடைய ஆசாத் ஹிந்த் அரசுக்கான ஆசாத் ஹிந்த் வங்கி 1944 ஏப்ரலில் ரங்கூனில் தொடங்கப்பட்டதும் வரலாறு. ஆனால் ‘ஆசாத் ஹிந்த் வங்கி நோட்டு’ என்று சந்தையில் வருபவற்றில் பெரும்பாலானவை சந்தேகத்துக்குரியவை. பின்னாளில் அச்சிட்ட நினைவுத் தாள்களும் அப்பட்டமான போலிகளும் அதில் நிறைய. எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்ற தடம் இல்லாமல் அதற்குப் பெருந்தொகை கொடுக்காதீர்கள். அந்தக் காலத்துக் கணக்கில் காட்ட ஒரு பொருள் வேண்டும் என்றால் நேதாஜி தலைமை ஏற்ற இந்திய சுதந்திர லீக் அமைப்பின் நன்கொடை ரசீது தேடுங்கள், அதையும் தடம் பார்த்தே.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸ் நோட்டுகளை அங்குள்ளவர்கள் ‘மிக்கி மவுஸ் பணம்’ என்றே அழைத்தார்கள். ஜப்பான் தன் ஆதிக்கப் பகுதிக்கு வைத்த பெயரைக் கிண்டல் செய்து, அமெரிக்கர்கள் அவற்றின் பின்புறத்தில் ‘கூட்டுச் செழிப்பு வட்டாரம்: இதன் மதிப்பு என்ன?’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு விமானத்திலிருந்து போட்டார்கள். அந்தப் பிரச்சார நோட்டு நல்ல சேகரிப்புப் பொருள், போலியும் அதிகம். டச்சுத் தீவுகளில் முதலில் டச்சு மொழியில் குல்டன், பிறகு ரூபியா என்று மாறியது. ஓசியானியா நோட்டுகள் ஷில்லிங், பவுண்டில் இருக்கும். நான்கே நான்கு மதிப்புகள்தான், தொடங்குபவருக்கு எளிது. மூன்று நாட்டு நோட்டுகளைப் பாதிப் பாதி வைத்திருப்பதைவிட ஒரு நாட்டை முழுதாக வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. உங்களுக்கு மலாயாதான் என்று தாத்தாவே முடிவு செய்துவிட்டார்.

ஆக்கிரமிப்பு நோட்டு என்றால் ஜப்பானோடு முடிந்துவிடுவதும் இல்லை. 1943ல் சிசிலியில் இறங்கிய நேச நாட்டுப் படை இத்தாலிக்கென்று ‘ராணுவ லிரா’ நோட்டுகளைப் புழக்கத்துக்கு விட்டது. 1944ல் ஜெர்மனிக்கென்று அச்சிட்ட ராணுவ மார்க்கில் ஒரு சுவாரசியம் உண்டு. அமெரிக்கா அச்சுத் தகடுகளின் நகலைச் சோவியத் யூனியனுக்கும் கொடுத்தது. சோவியத் அச்சிட்டவற்றில் வரிசை எண் ஒரு சிறு கோட்டோடு தொடங்கும். பாஸ்டனில் அச்சிட்டவற்றில் அலங்கார வளைவுகளுக்குள் அச்சகத்தின் முதலெழுத்தான ‘எஃப்’ ஒளிந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் இன்பம் தனி. பிரான்ஸுக்கென்று அதே ஆண்டு அச்சிட்ட பிராங்க் நோட்டைச் சுதந்திர பிரெஞ்சுத் தலைவர் தெ கோல் ‘கள்ள நோட்டு’ என்றே சொல்லி ஏற்க மறுத்தார். நட்பு நாட்டுப் படையானாலும் இன்னொருவர் மண்ணில் பணம் அடித்தால் அதிலுள்ள அவமானம் அவருக்குப் புரிந்திருந்தது. இன்னும் விரிவாகப் போகலாம், ஆனால் நீங்கள் மலாயாவை முடித்த பிறகு.

இனி போலிகள். மலாயாவின் ஆயிரம் வெள்ளி நோட்டுதான் வரிசையிலேயே விலை உயர்ந்தது, ஆகவே போலி அதிகம் வருவதும் அதில்தான். சுற்றுலாக் கடைகளில் நினைவுப் பொருளாக விற்கும் நகல்களே பத்து வருடம் கழித்துத் தேநீர் நிறம் ஏறி அசலாகத் திரும்பி வருகின்றன. சோதிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, சிறிய புற ஊதா விளக்கு ஒன்று. அந்தக் காலத்து நோட்டில் அலங்காரக் கோடுகள் கோடுகளாகவே ஓடும், மை மங்கியிருந்தாலும் சரி. நகலில் அதே கோடு வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். புற ஊதா விளக்கில் இன்றைய வெள்ளைத் தாள் நீலமாகப் பளீரென்று ஒளிரும், ஏனென்றால் அதில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் இருக்கிறது. 1940களின் தாள் அப்படி ஒளிராது, மங்கிக் கிடக்கும். இந்த இரண்டு சோதனையிலும் தேறியதை மட்டும் கையில் எடுத்துத் தாளின் உடம்பைப் பாருங்கள்.

மேலே குத்திய முத்திரைகளுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவைக்கிறேன். சாதாரண வாழைமர நோட்டின் மேல் கொரில்லாப் படை முத்திரை, ஏதோ ஒரு கிளையின் முத்திரை என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தி விலையைப் பல மடங்கு ஏற்றுவது மிக எளிது. ‘மாதிரி’ என்று ஜப்பானிய எழுத்தில் சிவப்பாக அச்சிட்ட மாதிரி நோட்டுகள் உண்மையில் உண்டு, அரியவை. அரியவை என்பதாலேயே தரச்சான்று இல்லாமல் வாங்கக்கூடாது. அந்தக் காலத்திலேயே கள்ளத்தனமாக அச்சடித்துச் சந்தையில் ஓட்டிய நோட்டும் உண்டு. அது தனி வகை, அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அசல் விலை கொடுக்காமல் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம்.

தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து வாங்குவது இப்போது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. சாதாரணப் பத்து வெள்ளிக்கு அது வீண் செலவு. நோட்டின் விலையைவிடச் சான்றுக்கும் தபாலுக்கும் அதிகமாகும். ஆயிரம் வெள்ளி, எண் போட்ட ஆரம்பகால நோட்டு, மாதிரி நோட்டு, இவற்றுக்கு மட்டும் யோசியுங்கள்.

பாதுகாப்பது பற்றி. லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். கசங்கியதை இஸ்திரி போடுவது, சோப்பு நீரில் அலசுவது, கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டுவது எல்லாம் நோட்டைக் கொல்லும் வேலைகள். ஏற்கெனவே டேப் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், தாளும் சேர்ந்து வரும். குண்டூசியோ ஸ்டேபிளோ இருந்தால் துரு பரவும், அதை மட்டும் மெதுவாக எடுத்துவிடலாம். கடையில் கிடைக்கும் மலிவான போட்டோ ஆல்பங்கள் பெரும்பாலும் பிவிசி. சில வருடத்தில் பிசுபிசுத்து மையை உறிஞ்சிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஈரம்தான் முதல் எதிரி. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பா, இருட்டான அலமாரி, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்ப்பது, இவ்வளவு போதும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

வாங்கும் இடம் என்றால், நம் ஊர் நாணயக் கண்காட்சிகளில் மலாயா, பர்மா நோட்டுகள் வரும், ஆனால் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது. சொந்தக்காரர் யாராவது மலேசியாவில் இருந்தால் பெட்டாலிங் ஜெயாவில் ஆம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையில் ஒரு நடை பார்க்கச் சொல்லுங்கள். அங்கே டீலர்களிடம் சிவப்பு எழுத்தைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். வாங்குவது மடிப்பில்லாத தாளாகவே இருக்கட்டும். சாதாரண நோட்டில் நல்ல நிலைக்கும் கசங்கலுக்கும் விலை வித்தியாசம் சிறியது, பார்ப்பதற்கு வித்தியாசம் பெரியது. குடும்பத்தில் வந்தது மட்டும் விதிவிலக்கு. தாத்தா மடித்த மடிப்பு அப்படியே இருக்கட்டும்.

இப்போது உங்கள் கட்டுக்கு வருவோம். அது வங்கிக் காகிதப் பட்டையோடு இருந்தால் பட்டையைக் கிழிக்காமல் அப்படியே வையுங்கள், பட்டையோடு உள்ள கட்டைத் தேடுபவர்கள் உண்டு. பட்டை இல்லை என்றால் எழுத்து வாரியாகப் பிரியுங்கள். எண் உள்ளது, சேர்ந்த எழுத்துள்ளது, சாய்கோடு போட்டது என்று மூன்று குவியல். ஒவ்வொன்றிலும் நல்ல தாள் இரண்டை வைத்துக்கொண்டு மீதியை மற்ற சேகரிப்பாளர்களிடம் மாற்றுக்குக் கொடுங்கள். உங்களிடம் மிஞ்சும் பத்து வெள்ளிகளுக்குப் பதிலாகக் காசுத் தாள்களும் ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளியும் எளிதாகக் கிடைத்துவிடும். கையிலிருந்து பணம் போட வேண்டியது நூறு வெள்ளிக்கும் ஆயிரம் வெள்ளிக்கும்தான். அதில் ரப்பர் தோட்ட நூறு வெள்ளியை முதலில் வாங்குங்கள். ஆயிரத்துக்கு அவசரமில்லை, போலி பார்க்கக் கண் பழகிய பிறகு வாங்கிக்கொள்ளலாம்.